புல்லும் நம்ம சொத்துதான்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



மாதாமாதம் கூடுகிறோம். சேமிப்பு, சங்கக் கடன், வட்டி, வங்கிக் கணக்கு, தீர்மான நோட்டு என்று பேசுகிறோம். இன்றைக்குப் புல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். “புல்லைப் பத்திப் பேச ஒரு கூட்டமா?” என்று பின்வரிசையில் யாரோ சிரிக்கிறது காதில் விழுகிறது. சிரிங்க. ஆனால் ஒரு கணக்கைக் கேட்டுவிட்டுச் சிரிங்க.

நம்ம குழுக்களில் கடன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எதற்கு வாங்குகிறோம்? ஆட்டுக்கு. விண்ணப்பத்தில் “கறவை மாடு” என்று எழுதியிருந்தாலும் பாதிப்பேர் கட்டியிருப்பது வெள்ளாடுதான். நல்லது. ஆனால் கடன் கேட்கும்போது ஆட்டின் விலையைக் கேட்கிறோம், எத்தனை குட்டி போடும் என்று கேட்கிறோம். அது எங்கே மேயும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பெரிய வெள்ளாட்டுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். ஐந்து ஆடு இருந்தால் 15 முதல் 20 கிலோ. சொந்தக் காடு இல்லாதவங்க அதற்கு எங்கே போவாங்க? ஊர் மேய்ச்சல் புறம்போக்குக்குத்தான். அந்தப் புறம்போக்கில் இன்றைக்கு என்ன இருக்கிறது? சீமைக் கருவேல முள்ளும், பார்த்தீனியமும், வெட்டவெளி மண்ணும்.

ஆடு வாங்கக் கடன் தந்தோம். ஆடு தின்னப் புல்லுக்கு வழி பண்ணவில்லை. இது உங்கள் தவறு மட்டுமில்லை, கடன் படிவத்தை நிரப்பிக் கொடுத்த எங்களுடைய தவறும்தான்.

நம்ம பெரியவங்க வைத்திருந்த காடு

கரூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து வறண்ட பூமியில் பிறந்தவங்களுக்குக் கொறங்காடு என்றால் தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி. நடுவில் அங்கங்கே வெள்வேல் மரம். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தக் காட்டில்தான். மழை பெய்தால் புல் தழைக்கும். வெயில் காலத்தில் புல் காய்ந்தாலும் வேர் சாகாது. அந்த நேரத்தில் வெள்வேல் நெற்று உதிரும், ஆடு பொறுக்கித் தின்னும். காட்டைத் தடுத்துத் தடுத்து, ஒரு பட்டியில் மேய்த்து, இன்னொரு பட்டியை ஆறப் போடுவாங்க. படிக்காத பாட்டிகள் நடத்திய விஞ்ஞானம் அது.

ஆனால் கொறங்காடு காடு வைத்திருக்கிறவங்களுக்குச் சொந்தம். காடு இல்லாதவங்களுக்கு இருந்தது ஊர்ப் புறம்போக்கு ஒன்றுதான். சொந்தக் காட்டை ஆறப் போட்ட ஊர், பொதுக் காட்டை மட்டும் ஆறப் போடவில்லை. எல்லாருக்கும் சொந்தமானதை யார் பார்த்துக்கொள்வது? வருடம் முழுக்க எல்லார் ஆடும் அங்கேயே மேய்ந்தது. புல் பூக்கும் முன்னாடியே கடிபட்டது. பூக்காத புல் எப்படி விதை போடும்? குளம்பு மிதித்து மிதித்து மண் இறுகிப் போச்சு. பெய்கிற மழை உள்ளே இறங்காமல் ஓடிப்போச்சு. காலியாகக் கிடந்த இடத்துக்கு முள்ளும் விஷப்பூண்டும் குடி வந்தது.

இதை ஒன்று மனதில் வையுங்க: களை வந்ததால் புல் போகவில்லை. புல் போனதால்தான் களை வந்தது. அதனால் களையைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பிடுங்கின இடத்தில் புல்லைக் குடி வைக்கணும்.

முதல் வருடம் நாங்கள் பட்ட பாடு

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தப் பகுதி ஊர் ஒன்றில் நாலு குழு சேர்ந்து, மேய்ச்சல் புறம்போக்கில் ஏழு ஏக்கரைச் சரி செய்யலாம் என்று முடிவு பண்ணினோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர் அக்காமார் சிலர் இங்கேயே உட்கார்ந்திருக்காங்க. அவங்க அனுமதியோடுதான் சொல்கிறோம்.

முதல் வருடம் வேலை முழுத் தோல்வி. மறைக்க ஒன்றும் இல்லை. நாலு தவறு பண்ணினோம்.

முதல் தவறு, விதை. பக்கத்துக் கொறங்காட்டில் உருவின கொழுக்கட்டை விதையை, உருவின மாதமே கொண்டுபோய் விதைத்தோம். புது விதைதான் நல்ல விதை என்று நினைத்தோம். இந்தப் புல்லின் விதைக்கு உறக்க காலம் உண்டு. உருவி ஆறு, எட்டு மாதமாவது உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால்தான் நன்றாக முளைக்கும். எங்களுக்குப் படிப்பு இருந்தது, இது தெரியவில்லை. தெரிந்த ஒரு பாட்டி அந்த ஊரிலேயே இருந்தாங்க. நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாவது தவறு, ஆழம். டிராக்டர் வைத்து ஆழ உழுது, நிலக்கடலை மாதிரி மூடிவிட்டோம். புல் விதை தூசி மாதிரி. அரை விரல்கடைக்கு மேல் மண் மூடினால் மேலே வர அதற்குச் சக்தி கிடையாது.

மூன்றாவது தவறு, கிடை. மண்ணுக்கு உரம் வேண்டும் என்று வெளியூர் ஆட்டுக்கிடை போட்டோம். ஆட்டுப் புழுக்கை அருமையான உரம்தான். ஆனால் அந்த ஆடுகள் வழியெல்லாம் கருவேல நெற்று தின்றுவிட்டு வந்திருந்தன. கருவேல விதை வயிற்றில் சாகாது. இன்னும் சொல்லப் போனால் வயிற்றில் ஊறி வெளியே வந்த விதைதான் சுலபமாக முளைக்கும். ஐப்பசி மழை பெய்தது. ஏழு ஏக்கரிலும் பச்சையாக முளைத்து வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் கருவேலங்கன்று!

நாலாவது தவறுதான் பெரியது. அது மண்ணில் பண்ணின தவறு இல்லை, மனுஷரிடம் பண்ணினது.

வேலி போட்டோம், மனசு விட்டுப் போச்சு

புல் வளர வேண்டுமானால் ஒரு வருடமாவது ஆடு உள்ளே வரக் கூடாது. அதனால் ஏழு ஏக்கரையும் முள் வெட்டி அடைத்தோம். “ஆடு விட்டால் ஐந்நூறு ரூபாய் அபராதம்” என்று தீர்மானம் போட்டோம். கையெழுத்துப் போட்டவங்களில் பெரும்பாலானவங்களுக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் காடு இருந்தது. அவங்களுக்குக் கஷ்டம் தெரியவில்லை.

அந்தக் குழுவில் ஒரு அக்கா. கணவர் இல்லை. செண்டு நிலம் கிடையாது. சங்கக் கடனில் வாங்கின ஏழு ஆடு மட்டும் உண்டு. புறம்போக்கை அடைத்த பிறகு அவங்க ரோட்டோரம் மேய்த்தாங்க. அடுத்தவர் காட்டு வரப்பில் மேய்த்துத் திட்டு வாங்கினாங்க. ஒரு நாள் ராத்திரி, முள்ளை விலக்கிவிட்டு ஆட்டை உள்ளே ஓட்டிட்டாங்க. காலையில் குளம்படி பார்த்துக் கண்டுபிடித்தாங்க. கூட்டத்தில் நிற்க வைத்து அபராதம் போட்டோம். “விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்” என்று நாங்களும் கூடச் சேர்ந்து சொன்னோம்.

அந்த அக்கா அபராதத்தைக் கட்டினாங்க. மூன்று ஆட்டை விற்றுத் தவணையையும் கட்டி முடித்தாங்க. அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை.

நாலைந்து மாதம் கழித்து நாங்கள் அவங்க வீட்டுக்குப் போனோம். கோபமாகப் பேசவில்லை. காபி கொடுத்தாங்க. பிறகு கேட்டாங்க: “புல்லு வளர்ந்தா யாருக்குங்க? ஆடு இருக்கிறவங்களுக்குத்தானே? அது வளர்ற வரைக்கும் ஆட்ட வித்துப்போட்டா, அப்புறம் அந்தப் புல்லு எனக்கு எதுக்குங்க?”

எங்களிடம் பதில் இல்லை. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. வலி மட்டும் ஒன்றாக இல்லை. பொதுச் சொத்தைக் காப்பாற்றுகிறோம் என்று, அந்தப் பொதுச் சொத்தை மட்டுமே நம்பி இருந்தவங்களை முதலில் வெளியே தள்ளிவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினோம். லேசில் முடியவில்லை, மூன்று கூட்டம் ஆச்சு. கடைசியில் மூன்று முடிவு எடுத்தாங்க. ஒன்று, ஏழு ஏக்கரையும் ஒரே சமயத்தில் அடைப்பதில்லை. முதலில் மூன்று ஏக்கர். அது தேறின பிறகு மீதி. இரண்டு, அறுக்கிற புல்லில் முதல் பங்கு நிலம் இல்லாத வீடுகளுக்கு. மிச்சம்தான் மற்றவங்களுக்கு. மூன்று, அடைத்திருக்கும் மாதங்களில் சொந்தக் காடு உள்ளவங்க, நிலம் இல்லாத ஒரு வீட்டு ஆட்டுக்குத் தங்கள் காட்டில் அறுவடை முடிந்த தாளில் மேய இடம் தரணும். அபராதப் பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அந்த அக்கா திரும்ப வந்தாங்க. விற்ற மூன்று ஆடு திரும்ப வரவில்லை. இதைச் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

இரண்டாம் வருடம்: விதைத்தது எப்படி

இப்போது செய்முறைக்கு வருவோம். எழுதத் தெரிந்தவங்க குறித்துக்கொள்ளுங்க.

விதை: ஏக்கருக்குக் கொழுக்கட்டைப் புல் விதை இரண்டரை முதல் மூன்று கிலோ. அதோடு முயல் மசால் விதை ஒரு கிலோ. புல் மட்டும் போட்டால் வயிறு நிறையும், சத்துக் குறைவு. முயல் மசால் பயறு இனம். அதில் புரதம் உண்டு, வேர் முடிச்சால் மண்ணுக்கும் தழைச்சத்துக் கிடைக்கும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு மசால் என்று கணக்கு வையுங்க.

முளைப்புச் சோதனை: யார் கொடுத்த விதையானாலும் சோதிக்காமல் போடாதீங்க. நூறு விதையை எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, காயாமல் பார்த்துக்கொள்ளுங்க. இரண்டு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று எண்ணுங்க. பாதிக்கும் கீழே என்றால் விதையைக் கூட்டிப் போடணும். இருபதுக்கும் கீழே என்றால் அந்த விதை வேண்டாம். காசு கொடுத்து வாங்கியிருந்தால் திருப்பிக் கேளுங்க.

வெந்நீர் வைத்தியம்: முயல் மசால் விதையின் தோல் கடினம். அப்படியே போட்டால் பாதி முளைக்காது. 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் நாலு நிமிடம் போட்டு எடுக்கணும். வீட்டில் வெப்பமானி ஏது? மூன்று சொம்பு கொதிக்கிற தண்ணீரோடு ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். நாலு நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது, விதை வெந்துபோகும். வடித்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நிழலில் உலர்த்தி விதைக்கலாம். இந்த வைத்தியம் முயல் மசாலுக்கு மட்டும்தான். புல் விதைக்குப் பண்ண வேண்டாம்.

விதை உருண்டை: கொழுக்கட்டை விதையில் பஞ்சு மாதிரி சுணை இருக்கும். வீசினால் காற்றோடு போகும். மிச்சத்தை எறும்பு இழுத்துப் போகும். அதனால் செம்மண்ணும் மக்கின சாணமும் கலந்து, தண்ணீர் தெளித்து, விதையைப் போட்டுப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி நிழலில் காயவைத்தோம். ஒரு உருண்டையில் மூன்று, நாலு விதை போதும். சாணம் வீட்டு மாட்டுச் சாணமாக, நன்றாக மக்கினதாக இருக்கணும். கருவேல நெற்று தின்கிற ஆட்டின் புது எரு வேண்டவே வேண்டாம்.

காலம்: நம்ம பக்கத்து மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசிக் கடைசியில், முதல் மழை விழுந்து மண் பதமாக இருக்கும்போது போடுங்க.

நிலம்: ஆழ உழவே வேண்டாம். ஏற்கெனவே புல் இருக்கிற இடத்தைத் தொடாதீங்க. சொட்டையாகக் கிடக்கிற இடத்தை மட்டும் களைக்கொத்தால் கீறி, உருண்டையைப் போட்டு, கையால் லேசாக மண்ணைத் தள்ளி, காலால் ஒரு மிதி. அவ்வளவுதான். சரிவான இடத்தில் சரிவுக்குக் குறுக்கே ஒரு முழத்துக்குக் கல் அடுக்கினோம், இல்லையென்றால் பிறை மாதிரி சின்னக் குழி எடுத்தோம். ஓடுகிற தண்ணீர் அங்கே நிற்கும். முதல் புல் முளைத்தது அந்தக் குழிகளில்தான்.

மூடாக்கு: வெட்டின காய்ந்த செத்தையை மேலே பரவலாகத் தூவினோம். நிழலுக்கு நிழல், குருவியிடமிருந்தும் காவல். கருவேலக் கிளையை இப்படிப் போட்டால் நெற்று இல்லாத கிளையாகப் பார்த்துப் போடணும்.

மருந்து இல்லாமல் களையை வெல்வது

களைக்கொல்லி அடித்தால் ஒரே நாளில் வேலை முடியும் என்று சிலர் சொன்னாங்க. ஆடு மேயப் போகிற பூமியில், கைக்குழந்தையோடு நாம் புல் அறுக்கப் போகிற பூமியில் விஷம் வேண்டாம் என்று குழுவே முடிவெடுத்தது. பார்த்தீனியத்துக்கு உப்புத் தண்ணீர் அடிக்கச் சொல்பவங்களும் உண்டு. செடி கருகுவது உண்மைதான். ஆனால் உப்பு மண்ணிலேயே தங்கும். அந்த இடத்தில் புல் போடப் போகிறோம் என்றால் உப்பு வேண்டாம்.

பார்த்தீனியம்: அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனே பக்கம் தென்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு செடியே பல ஆயிரம் விதை போடும். பூக்கும் முன்னே, மழை பெய்து மண் இளகி இருக்கும்போது வேரோடு பிடுங்கணும். அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். வெறுங்கையால் தொடாதீங்க. அரிப்பு, தடிப்பு வரும். சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும். கையில் பாலிதீன் பையாவது கட்டிக்கொள்ளுங்க, முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்க. ஆஸ்துமா இருக்கிறவங்க இந்த வேலைக்கு வரவே வேண்டாம், விதை உருட்டுகிற வேலையைப் பாருங்க. பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்த செடியைப் போடக் கூடாது, எருவோடு விதையும் வயலுக்குப் போகும்.

இலையைத் தின்கிற மெக்சிகோ வண்டு ஒன்று இருக்கிறது. 1984-ல் பெங்களூரில் ஆராய்ச்சி செய்து வெளியே விட்டாங்க. வெள்ளை மேலே கறுப்புக் கோடு போட்ட சின்ன வண்டு. மழைக்காலத்தில் பார்த்தீனியத்தில் இருக்கும். பார்த்தால் கொல்லாதீங்க, அது சம்பளம் இல்லாத வேலைக்காரி. பிடுங்கின இடத்தில் தகரை, ஆவாரை விதையைத் தூவினால் அவை நெருக்கமாக வளர்ந்து பார்த்தீனியத்தை அமுக்கும். புறம்போக்கின் ஓரத்திலும் பாதையோரத்திலும் அப்படித்தான் பண்ணினோம். பார்த்தீனியம் முதலில் நுழைவது பாதையோரத்தில்தான்.

சீமைக் கருவேலம்: 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னபோது ஊரெல்லாம் இதே பேச்சாக இருந்தது ஞாபகம் இருக்கும். பொக்லைன் வந்தது, போனது. அடியில் வெட்டிவிட்ட மரமெல்லாம் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்தது. தரைக்குக் கீழே ஒரு அடிவரை தோண்டி, துளிர்க்கிற அடிக்கட்டையை எடுத்தால்தான் அது சாகும். கன்றாக இருக்கும்போது, மழை ஈரத்தில், கையாலேயே வேரோடு வரும். அதனால் மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள், நாலு பேர், ஒரு மணி நேரம் என்று முறை வைத்தோம். மூன்று வருடமாக நடக்கிறது. இன்னும் முளைக்கிறது. முன்னைவிடக் குறைவு.

இதில் இன்னொரு விஷயம். கருவேல விறகை நம்பித்தான் நம்மில் பல பேர் அடுப்பு எரிகிறது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பமும் உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் அழித்தால் அவங்க என்ன பண்ணுவாங்க? அதனால் புல் போடுகிற மூன்று ஏக்கரில் மட்டும் முழுக்க எடுத்தோம். விறகை எடுத்தவங்களுக்கே கொடுத்தோம். புறம்போக்கு மரத்தை ஊராட்சி, வருவாய்த் துறை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கை வைத்தோம். மற்ற இடத்து மரத்தில் நெற்று விழுந்தவுடன் பொறுக்கிவிடுகிறோம். காயவைத்து, விதை உடையும்படி இடித்து, மற்றத் தீவனத்தோடு கொஞ்சம் கலந்து ஆட்டுக்கு வைக்கலாம். விதை உடைந்தால் முளைக்காது. முள்ளும் பரவாது, தீவனமும் ஆச்சு.

ஒரு எச்சரிக்கை. களை எடுக்கிறோம் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போடாதீங்க. தும்பை, ஆவாரை, நாயுருவி எல்லாம் மருந்துக்கு ஆகும். சில செடியை ஆடு விரும்பித் தின்னும். எதை வைப்பது, எதை எடுப்பது என்று யாரைக் கேட்டோம் தெரியுமா? அபராதம் கட்டின அந்த அக்காவைத்தான். வருடக்கணக்காக ஆட்டின் பின்னால் நடந்தவங்களுக்குத் தெரியாததா? இந்த முறை முதலிலேயே கேட்டோம்.

அறுப்பு, மேய்ச்சல், மறு விதை

கொழுக்கட்டைப் புல் எழுபது, எழுபத்தைந்து நாளில் முதல் அறுப்புக்கு வரும். ஆனால் முதல் வருடம் அவசரப்படவில்லை. கதிர் விட்டு, விதை முற்றி, பாதி விதை தானாக உதிரும் வரை பொறுத்தோம். அந்த விதைதான் அடுத்த வருடத்துச் சேமிப்பு. குழுவில் முதல் மாதமே சேமிப்பை எடுத்துச் செலவழித்தால் கடன் கொடுக்கப் பணம் ஏது? அதே கணக்குதான் இதுவும்.

பிறகு ஒரு கையளவு அடி விட்டு அரிவாளால் அறுத்து, தலைச்சுமையாகப் பங்கு போட்டோம். இரண்டாம் வருட மழைக்குப் பிறகுதான் ஆடு உள்ளே போனது. அதுவும் மொத்தமாக இல்லை. மூன்று ஏக்கரை நாலு தடுப்பாகப் பிரித்து, ஒன்று மாற்றி ஒன்றாக. புல் நாலு விரல் உயரத்துக்கு வந்துவிட்டால் ஆட்டை அடுத்த தடுப்புக்கு ஓட்டிவிடணும்.

முற்றின கதிரை உருவி விதை சேர்த்தோம். துணிப்பையில் கட்டி, எலி ஏறாத இடத்தில் தொங்கவிட்டு, அடுத்த புரட்டாசி வரை வைத்தோம். மீதி நாலு ஏக்கருக்கு விதை வெளியே வாங்கவில்லை. விதையை உருவ மூன்று நாள் ஆச்சு, பாட்டுப் பாடிக்கொண்டே உருவினாங்க.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. மேற்கு ஓரத்தில் பாறை மண். இரண்டு தடவை போட்டும் புல் பிடிக்கவில்லை. கோடையில் புல் போதவில்லை, இன்னும் தவிடும் தழையும் வாங்குகிறோம். வேலி தாண்டி ஆடு வருகிற சண்டையும் மாதம் ஒன்று இருக்கிறது. ஆனால் மார்கழியில் அந்தப் பக்கம் போனால் கணுக்கால் மறைய புல் நிற்கிறது. மழைத் தண்ணீர் கலங்கலாக ஓடாமல் நிதானமாக இறங்குகிறது. அடுத்தவர் வரப்பில் திட்டு வாங்குவது குறைந்திருக்கிறது.

நம்ம ஊரில் தொடங்க

மேய்ச்சல் புறம்போக்கு யாருடைய இனாமும் இல்லை. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊர் மக்களின் பொதுப் பயனுக்கே மீட்டுத் தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்திருக்கிறது. உலகமே பேசுகிற விஷயத்தை நாம் நம்ம ஊரில் பேசினால் என்ன?

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் இதைச் செய்து வாங்க:

1. ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர், சர்வே எண் என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதி வையுங்க.

2. ஊக்குநர், பிரதிநிதி மட்டும் இல்லாமல், ஆடு மேய்க்கிற இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு அந்த நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்க. எங்கே புல் மிச்சம் இருக்கிறது, எங்கே களை, எங்கே வெறும் மண் என்று மூன்றாகப் பிரியுங்க.

3. நிலம் இல்லாமல் ஆடு வைத்திருக்கிற வீடுகளின் பட்டியல் எடுங்க. நிலத்தை அடைக்கிற நாளில் அவங்க ஆடு எங்கே மேயும் என்று முதலில் முடிவு பண்ணுங்க. அதற்குப் பதில் கிடைக்காமல் வேலிக்கு ஒரு முள்கூட வெட்டாதீங்க.

4. கிராம சபையில் தீர்மானம் வையுங்க. தமிழ்நாட்டில் 2022-லிருந்து கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் சபை நம்முடையது. தீர்மான நகல் வாங்காமல் எழுந்து வராதீங்க.

5. முதல் வருடம் ஒரு ஏக்கர் போதும். இப்போதே நல்ல காட்டில் விதை உருவி, பையில் தேதி எழுதிக் கட்டி வையுங்க.

கடைசியாக ஒன்று. இனி ஆட்டுக்கடன் விண்ணப்பத்தில் நாங்கள் ஒரு கேள்வி கூடுதலாகச் சேர்க்கப் போகிறோம்: “ஆடு எங்கே மேயும்?” கடனை மறுப்பதற்கு அல்ல. பதில் இல்லாத அக்கா யாரென்று குழுவுக்குத் தெரிவதற்கு. பதில் தேடுவது அந்த அக்காவின் தனி வேலை இல்லை, குழுவின் வேலை. சங்கம் என்று நாம் கூடியிருப்பது அதற்குத்தானே?

பொறுமையாகக் கேட்டீங்க. விதை வேண்டுகிற குழுக்கள் போகும்போது மேசையில் பெயர் எழுதிவிட்டுப் போங்க. உருவின விதையில் கொஞ்சம் அந்த ஊர் அக்காமார் கொண்டு வந்திருக்காங்க. விலை கிடையாது. அடுத்த வருடம் நீங்கள் உருவும்போது, அதே அளவு இன்னொரு ஊருக்குக் கொடுக்கணும், அவ்வளவுதான்.